முகதாட்சண்யமும் ஆள் பிடிக்கும் வியாபாரமும்



பேய்க்குப் பயப்படாதவர்களும், ராகுகாலத்தில் கடை திறந்தவர்களும், அமாவாசை இரவில் சுடுகாட்டு வழியே தனியாக நடந்து வந்தவர்களும் நமது இயக்கத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் அப்பேர்ப்பட்ட தோழர்களில் பலர் இப்போது ஒரே ஒருவருக்குப் பயந்து, சாயங்காலமானால் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அந்த ஒருவர் யாரென்றால், தோளில் ஒரு பையும் கையில் செல்போனுமாக, "ஒரு பத்து நிமிஷம் பேச வேண்டும்" என்று வந்து நிற்கும் சொந்த மைத்துனரோ, சித்தப்பா மகனோ, கூடப் படித்த சிநேகிதரோதான்.

வந்தவர் என்ன சொல்லுகிறார்? ஒரு கம்பெனியில் தாம் சேர்ந்திருப்பதாகவும், அதில் சோப்பும் பற்பசையும் சத்துமாவும் மாத்திரையும் கிடைக்கும் என்றும், நாமும் இத்தனை ரூபாய்க்குச் சரக்கு வாங்கிச் சேர்ந்துவிட்டால் போதும் என்றும் சொல்லுகிறார். "நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். அப்புறம் நீங்கள் தூங்கினாலும் பணம் வந்துகொண்டிருக்கும்" என்கிறார். இதற்குப் பட்டணத்தில் எம்.எல்.எம். என்றும் நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்றும் பெயர். கிராமத்தில் 'ஐ.டி. போடுகிற பிசினஸ்' என்கிறார்கள். நாம் இதை ஆள் பிடிக்கும் வியாபாரம் என்றே சொல்லுவோம்.

இதைப்பற்றி நம்மிடம் கேட்கும் தோழர்களெல்லாம் ஒரே விதமாகத்தான் கேட்கிறார்கள். "சேர்ந்தால் பணம் போகிறது, சேரமாட்டேன் என்றால் உறவு போகிறது. என்ன செய்வது?" என்பதே கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆகவே இந்த வாரம் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

முதலாவதாக, நமக்கு வியாபாரத்தின் மேல் யாதொரு விரோதமும் கிடையாது. பெரியாரே ஈரோட்டில் மண்டி வைத்து வியாபாரம் செய்தவர்தான். உழைத்து, சரக்கு வாங்கி, நியாயமான லாபம் வைத்து விற்றுப் பிழைப்பது எவருக்கும் கௌரவமான காரியமேயாகும். ஆனால் ஒரு சங்கதியை யோசித்துப் பாருங்கள். உங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் உங்களுக்குத் துவரம்பருப்பு விற்கிறார். என்றைக்காவது அவர், "நீங்களும் இதே தெருவில் ஒரு மளிகைக் கடை வையுங்கள், உங்கள் மாமனாரையும் ஒரு கடை வைக்கச் சொல்லுங்கள்" என்று உங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சியதுண்டா? எதிரே இன்னொரு கடை வந்தால் அவருக்கு வயிறு எரியும். ஏனென்றால் அவருடைய லாபம் பருப்பு விற்பதில் இருக்கிறது. ஆனால் இந்த ஆள் பிடிக்கும் வியாபாரத்திலோ, சரக்கு வாங்க வந்தவரையே எதிர்க்கடை வைக்கச் சொல்லுகிறார்கள். இதிலிருந்தே லாபம் சரக்கில் இல்லை, ஆளில்தான் இருக்கிறது என்பது குழந்தைக்கும் விளங்கும். சோப்பு என்பது வெறும் சாக்கு. விற்கப்படுவது சோப்பு வாங்குகிற மனிதர்தான்.

இனி இவர்கள் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு ஜாதியும் இல்லை, மதமும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒருவர் 6 பேரைச் சேர்க்கிறார். அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்த்தால் 36. அடுத்த வரிசை 216. அதற்கடுத்தது 1,296. ஐந்தாம் வரிசை 7,776. இதுவரை ஒரு பெரிய ஊரோடு முடிகிறது. இப்படியே போனால் பத்தாம் வரிசைக்கு எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? 6,04,66,176 பேர் வேண்டும். முதல் ஆளிலிருந்து எல்லா வரிசைகளையும் கூட்டினால் 7,25,59,411 ஆகிறது. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7,21,47,030 தான். அதாவது தொட்டிலில் கிடக்கும் குழந்தை, பல் போன கிழவர், ஜெயிலில் இருக்கும் கைதி ஆகிய எல்லோரும் சேர்ந்தாலும் பத்தாவது வரிசை நிரம்பாது. பதினோராவது வரிசைக்கு மாத்திரம் இன்னும் 36 கோடிக்கு மேல் ஆள் வேண்டும். அவர்களை எந்த லோகத்திலிருந்து கொண்டுவருவது? புராணக்காரனுக்காவது பதினாலு லோகம் இருந்தது. இவர்களுக்கு இருப்பது ஒரே லோகம்.

"அவ்வளவு தூரம் போக வேண்டாம், நடுவில் நின்றால் நஷ்டமில்லையே" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். அதுதான் முழுப் புரட்டு. எந்த இடத்தில் நின்றாலும் கடைசி வரிசைக்காரர்களே அதிகம். மேலே சொன்ன 7,25,59,411 பேரில் 6,04,66,176 பேர் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். அதாவது 100க்கு 83 பேர் தங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லாதவர்கள். இரண்டே வரிசையோடு நின்று மொத்தம் 43 பேர்தான் என்றாலும் அதில் 36 பேர் கடைசி வரிசைதான். "ஆறு வேண்டாம், இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், இரண்டே பேர் போதும்" என்றால், அப்போதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள். ஆகவே இதில் பெரும்பாலோர் நஷ்டப்படுவது ஏதோ தற்செயலாக நேரும் விபத்து அல்ல. கடைசி வரிசைக்காரரின் நஷ்டம்தான் முதல் வரிசைக்காரரின் லாபம்.

வயதான தோழர்களுக்கு அந்தக் காலத்துத் தபால் கார்டு ஞாபகம் இருக்கும். ஏதோ ஒரு சாமியின் பெயரைப் போட்டு, "இதைப் படித்தவர் இதேபோல் இத்தனை பேருக்கு எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பினவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்தெறிந்தவர் ரத்தம் கக்கிச் செத்தார்" என்று எழுதியிருக்கும். நம் தோழர்கள் அதைக் கிழித்தெறிந்துவிட்டு இன்றைக்கும் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். அதே கார்டுதான் இப்போது கோட்டும் டையும் கட்டிக்கொண்டு கலியாண மண்டபத்தில் மீட்டிங் போடுகிறது. அன்று போனது கார்டுக் காசு. இன்று போவது அடகுக் கடைக்குப் போகும் தாலிக்கொடி. அவ்வளவே வித்தியாசம்.

இது நம் ஊர் சங்கதி மாத்திரமல்ல. இந்த வியாபாரம் பெரிதாகத் தழைத்த தேசமாகிய அமெரிக்காவில், மத்திய வர்த்தக ஆணையம் 2024ஆம் வருஷம் செப்டம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமானக் கணக்குகளை எடுத்துப் பரிசோதித்ததில், பெரும்பாலோருக்கு வருஷத்திற்கு 1,000 டாலர், அல்லது அதற்கும் குறைவாகவே கிடைத்தது என்று கண்டார்கள். மாதத்திற்குக் கணக்குப் பார்த்தால் 84 டாலர்கூட இல்லை. குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலோருக்கு ஒரு காசும் வரவில்லை. இதுவும் சரக்கு வாங்கின செலவையும் அலைந்த செலவையும் கழிக்காமல் சொன்ன கணக்கு. கழித்தால் மிஞ்சுவது என்ன என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் அல்பேனியா என்று, அந்தக் காலத்தில் சுமார் 30 லட்சம் ஜனங்கள் இருந்த ஒரு சிறு தேசம். அங்கே 1996ஆம் வருஷம், பின்னால் வருகிறவன் பணத்தை முன்னால் வந்தவனுக்கு வட்டியாகக் கொடுக்கும் திட்டங்களில் ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பணம் போட்டிருந்தார்கள். வீட்டை விற்றும் மாட்டை விற்றும் போட்டார்கள். 1997இல் எல்லாம் சரிந்தது. ஜனங்கள் ஆயுதக் கிடங்குகளைச் சூறையாடினார்கள். சர்க்கார் கவிழ்ந்தது. சுமார் 2,000 பேர் செத்தார்கள். அங்கே சோப்பு இல்லை, வட்டிதான் இருந்தது. ஆனாலும் கீழ்வரிசைக்காரன் பணத்தில் மேல்வரிசைக்காரன் வாழ்வது என்கிற அஸ்திவாரம் இரண்டுக்கும் ஒன்றே.

நமது தேசத்தில் இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து 1978ஆம் வருஷமே மத்திய சர்க்கார் சட்டம் செய்திருக்கிறது. ஆள் சேர்ப்பதைப் பொறுத்துப் பணம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது குற்றம். மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. 2021ஆம் வருஷம் டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளிலும், சரக்கு விற்பனை என்ற பெயரால் இப்படிப்பட்ட சங்கிலித் திட்டம் நடத்தக்கூடாது என்றும், சேருவதற்கென்று கட்டணம் வாங்கக்கூடாது என்றும் கண்டிருக்கிறது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, மைத்துனர் வாசலில் நிற்கிறார். போலீசார் வருவதற்குள் பணம் போய்விடுகிறது. ஆதலால் முதல் காவல் நம் புத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

நிற்க. இவ்வளவு வெட்ட வெளிச்சமான கணக்கு ஜனங்களுக்கு ஏன் விளங்கவில்லை? படித்த வாத்தியாரும், பாங்கில் வேலை பார்த்து ரிட்டயரானவரும், ஏன், நம் கூட்டத்தில் மேடையேறிப் பேசிய தோழர்களுங்கூட இதில் விழுந்திருக்கிறார்களே, எப்படி? இந்தக் கம்பெனிகள் வியாபாரத்தின் பெயரால் நடத்துவது ஒரு மதம் என்பதுதான் நமது அபிப்பிராயம். அவர்கள் கூட்டத்திற்கு ஒரு தரம் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாட்டு உண்டு, கைதட்டல் உண்டு, கண்ணீர் உண்டு. "நான் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன், இன்று கார் வைத்திருக்கிறேன்" என்று சாட்சி சொல்ல ஆள் உண்டு. மேலே இருப்பவரின் படத்தைச் செல்போனில் வைத்துக் காலையில் எழுந்ததும் பார்ப்பவரும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சந்தேகப்படுவது பாவம். சந்தேகப்படுகிறவனுக்கு 'நெகட்டிவ்' ஆள் என்று பெயர். அவனோடு பேசாதே, அவன் பெண்டாட்டியாக இருந்தாலும் பேச்சைக் கேட்காதே என்று உபதேசம். நாஸ்திகனோடு பேசாதே என்று வைதிகன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதோடு, பலிக்காவிட்டால் யார் மேல் குற்றம் என்பதையும் பாருங்கள். வேண்டுதல் பலிக்காவிட்டால், "உன் பக்தி போதாது, பூர்வ ஜென்ம கர்மம்" என்று புரோகிதர் சொல்லுவார். இங்கே பணம் வராவிட்டால், "நீ சரியாக உழைக்கவில்லை, உனக்கு நம்பிக்கை போதாது" என்று மேலே இருப்பவர் சொல்லுகிறார். இரண்டிலும் சாமிக்குத் தோல்வி கிடையாது. பக்தனுக்குத்தான் தோல்வி. ஆகவே பணத்தை இழந்தவன் கம்பெனியின்மேல் கோபப்படுவதற்குப் பதிலாகத் தன்மேலேயே வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளுகிறான்.

2024ஆம் வருஷம் ஜனவரியில் கோயமுத்தூரில் நடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம், ஆள் சேர்த்தால் மேலும் பணம் என்று நடந்துவந்த ஒரு கம்பெனியின்மேல் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். உடனே நீலம்பூரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கக் கூடவில்லை. கம்பெனிக்கு ஆதரவு சொல்லக் கூடினார்கள். வழக்கின் முடிவைச் சொல்ல வேண்டியது கோர்ட்டார். ஆனால் தன் பணத்தைப் போட்டிருப்பவன் தன் பணம் எங்கே போகிறது என்று விசாரிப்பவனையே விரோதியாகப் பார்க்கிறான் என்றால், அங்கே நடப்பது வியாபாரமா, பக்தியா என்று கேட்கிறோம்.

ஆனால் இந்த மதத்துக்குப் பழைய மதத்தில் இல்லாத ஒரு ஆயுதம் இருக்கிறது. அதுதான் முகதாட்சண்யம். கம்பெனியில் சேர்ந்தவுடன் முதல் வேலையாக, "உனக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுது" என்கிறார்கள். கலியாணப் பத்திரிகை கொடுக்க வைத்திருக்கும் பட்டியல்தான் அது. யார் வீட்டுக்கு நாம் மொய் எழுதினோமோ, யார் நம் வீட்டுக்குச் சீர் கொண்டு வந்தார்களோ, யார் நம் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தார்களோ, அவர்களெல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். அறிமுகமில்லாதவன் வந்து இந்தக் கதையைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவோம். ரத்தம் கொடுத்தவன் வந்து சொன்னால் எப்படிச் சாத்துவது? ஆகவே மனிதர்கள் ஒருவருக்கொருவர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த நன்றியையும் அன்பையும் ஒரு கம்பெனி காசு கொடுக்காமல் வாரிக்கொண்டு போகிறது. பண நஷ்டத்தைவிட இதுதான் பெரிய நஷ்டம் என்று நாம் சொல்லுவோம்.

முகதாட்சண்யத்திற்காக வாங்குவது எதைப் போன்றதென்றால், நம்பிக்கை இல்லாமலே ஊருக்குப் பயந்து திவசம் கொடுப்பதைப் போன்றது. "ஆயிரம் ரூபாய்தானே, போனால் போகிறது, மனம் நோகவேண்டாம்" என்று நீங்கள் கொடுக்கும் அந்த ஆயிரம் உங்கள் மைத்துனருக்கு உதவியல்ல. அவர் அதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். "அந்தப் பகுத்தறிவுக்காரரே சேர்ந்துவிட்டார்" என்பார். உங்கள் தாட்சண்யம் இன்னொருவர் கழுத்துக்குக் கயிறாகும்.

இவ்வளவும் சொல்லும் நாம், இந்த விஷயத்தில் செய்த ஒரு பெரும் தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

நமது மைத்துனர் ஒருவர், அதாவது நம் துணைவியாரின் தம்பி, இப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நல்ல உழைப்பாளி. சுயமரியாதைத் திருமணங்களுக்கு நாற்காலி தூக்கிப் போடுவதிலிருந்து மைக் கட்டுவது வரை முன்னால் நிற்பவர். ஒரு திருமணத்தில் நாம் வாழ்த்துரை கூற நின்றபோது, அவர் பந்தியில் யாரிடமோ மாத்திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டோம். நமக்கு நாக்கு அரித்தது. "திருப்பதி உண்டியலாவது ஒரே இடத்தில் இருக்கிறது, இப்போது அது கால் முளைத்து நம் பந்திக்கே வந்துவிட்டது" என்று அவரைப் பார்த்துக்கொண்டே பேசினோம். சபை கைகொட்டிச் சிரித்தது. அவர் இலையில் கை வைத்தபடியே எழுந்து போய்விட்டார். எட்டு மாதம் நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அன்று இரவு நம் துணைவியார் ஒரு வார்த்தை கேட்டார். "பிள்ளையார் கல்லு, நீங்கள் மேடையில் எவ்வளவு திட்டினாலும் சும்மா இருக்கும். என் தம்பியும் கல்லா?" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷமாக மேடையில் கேலி செய்து பழகிய நமக்கு, கேலி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது அதுவரை தெரியவில்லை. கேலியால் ஒரு கற்பனையைக் கொல்லலாம். ஏமாந்துபோன மனிதனைக் கேலி செய்தால், அவன் ஏமாற்றினவனிடமேதான் போய் ஒண்டுவான். அவனை அங்கேயாவது 'லீடர்' என்று கூப்பிட ஆள் இருக்கிறது. அந்த எட்டு மாதமும் அவர் பக்கத்தில் கணக்குக் கேட்க ஒருவரும் இல்லாமல் போனதற்கு நாமே பொறுப்பாளி.

பிறகு மாமியாருக்கு உடல்நலம் இல்லாமல் இருந்தபோது பார்த்துக்கொண்டோம். நாம் முதலில் அன்றையப் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தோம். கம்பெனியைப் பற்றி வாயே திறக்கவில்லை. சில வாரம் கழித்து அவரே, "மாமா, கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்" என்று ஒரு நோட்டோடு வந்தார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். சேர்ந்தபோது போட்டது 12,000 ரூபாய். மாதம் 3,500 ரூபாய்க்குச் சரக்கு, 14 மாதத்திற்கு 49,000. மீட்டிங் டிக்கெட், பஸ் சார்ஜ், சாப்பாடு 17,600. ஆக 78,600. கமிஷனாக வந்தது 11,340. வீட்டில் உபயோகித்த சரக்கு, கடையில் வாங்கியிருந்தால் சுமார் 15,000 பெறும். இரண்டையும் கழித்தால் சுத்த நஷ்டம் 52,260 ரூபாய். 14 மாதத்துச் சாயங்காலங்களுக்குக் கூலி போடவே இல்லை. அவர் அந்தத் தொகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை 11,340ஐ மாத்திரமே அவர் கூட்டி வைத்திருந்தார்.

அப்படியும் அவர் உடனே விலகவில்லை. இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. ஏன் என்று பிறகு அவரே சொன்னார். தம் பணம் போனதல்ல அவரைப் பிடித்து வைத்திருந்தது. அவர் சேர்த்துவிட்ட 11 பேர்தான். அதில் ஒருவர் அவர் மனைவியின் தங்கை, ஒருவர் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். "நான் விலகினால் அது பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்றார். தோழர்களே, இந்தச் சங்கிலியின் உண்மையான பூட்டு இதுதான். பேராசை முதல் மாதத்தோடு போய்விடுகிறது. பிறகு அங்கே பிடித்து வைத்திருப்பது வெட்கம். அந்த 11 பேர் வீட்டுக்கும் நாமும் கூடப் போனோம். இருவர் திட்டினார்கள். ஒருவர் அழுதார். மற்றவர்கள், "நாங்களும் உன் முகத்துக்காகத்தான் சொல்லாமல் இருந்தோம்" என்றார்கள். அவர் வாயில்லாமல் நின்றார்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்.

வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஆனால் பணத்துக்கும் கையெழுத்துக்கும் அன்றைக்கே, அப்போதே, தெளிவாக "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்", "அடுத்த மாதம்", "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதெல்லாம் அவருக்கு மறுபடியும் வரக் கொடுக்கும் பஸ் டிக்கெட். காரணம் சொல்லித் தர்க்கம் செய்ய வேண்டியதில்லை. காரணத்துக்கெல்லாம் பதில் சொல்ல அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "உன் மேல் எனக்கு அன்பு உண்டு, இந்தக் கம்பெனியில் எனக்கு நம்பிக்கை இல்லை, இரண்டையும் கலக்காதே" என்றால் போதும்.

கணக்குக் கேளுங்கள். "இந்தக் கம்பெனி மோசம்" என்று சொல்லாதீர்கள். "போன வருஷம் உனக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, நோட்டில் எழுதியிருக்கிறாயா?" என்று மாத்திரம் கேளுங்கள். அவர் எழுதியிருக்கமாட்டார். எழுத ஆரம்பித்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது. நம் வாயிலிருந்து வரும் தொகையை அவர் நம்பமாட்டார். தம் கையால் எழுதின தொகையை அவரால் தள்ள முடியாது.

அவர் திரும்பி வர வழி விட்டு வையுங்கள். விலகி வந்தவரிடம் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று சொல்லுவதைப்போல் கெட்ட காரியம் வேறில்லை. அதற்குப் பயந்தே பலர் வராமல் இருக்கிறார்கள். அவர் சேர்த்துவிட்டவர்களிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கூடப் போங்கள். மிஞ்சிய சரக்கைத் திருப்ப முடியுமா என்று பாருங்கள். சேர்ந்து கொஞ்ச நாளே ஆகியிருந்தால், அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு தவணை கொடுக்க வேண்டும் என்று 2021ஆம் வருஷ விதியில் இருக்கிறது. நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற டெலிபோன் எண் உண்டு. மோசடி என்று தெரிந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசாரிடம் எழுதிக் கொடுக்கலாம். கடன் மாத்திரம் கொடுக்காதீர்கள். அரிசி வேண்டுமென்றால் அரிசியாக, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் என்றால் பள்ளிக்கூடத்திலேயே கட்டுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுப்பது கம்பெனிக்குக் கொடுப்பதாகும்.

கடைசியாக ஒன்று. இதில் விழுகிறவர்களைப் பேராசைக்காரர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். பட்டம் வாங்கி வேலையில்லாத பையன் விழுகிறான். தறி நின்றுபோன நெசவாளி விழுகிறார். இவர்களைவிட அதிகமாக, தன் கையில் தன் காசு என்று ஒரு நூறு ரூபாய்கூட இல்லாமல், பிள்ளைக்கு மிட்டாய் வாங்கவும் புருஷனிடம் கைநீட்டவேண்டியிருக்கும் பெண்கள் விழுகிறார்கள். "நீயும் சம்பாதிக்கலாம், யாரிடமும் கைநீட்ட வேண்டாம், சொந்தக் காலில் நில்" என்று அந்தப் பெண்ணிடம் இருபது வருஷத்தில் முதல் தரமாகச் சொன்னவன் அந்தக் கம்பெனிக்காரன் என்றால், அது யாருடைய குற்றம்? அது நம்முடைய வார்த்தையல்லவா? நாம் மேடையில் சொல்லிவிட்டு வீட்டில் சொல்ல மறந்த வார்த்தையை அவன் திருடி, சோப்போடு சேர்த்து விற்கிறான். பெண்ணுக்குச் சொத்தும் சம்பாத்தியமும் வேண்டும் என்று பேசுகிற தோழர்கள், தங்கள் வீட்டுப் பெண் ஏன் அந்த மீட்டிங்குக்குப் போனாள் என்று அவளைத் திட்டுவதற்கு முன்னால், அவள் கையில் மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், அவள் ஒரு வேலைக்கோ ஒரு சொந்தக் கைத்தொழிலுக்கோ போக எவ்வளவு இடம் விட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பார்களாக. மைத்துனரிடம் கேட்கச் சொன்ன கணக்கை நம்மிடமும் கேட்க வேண்டாமா?

ஆகவே தோழர்கள் இனிமேல் சாயங்காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்காராமல், கதவைத் திறந்து, மைத்துனரை உள்ளே கூப்பிட்டு, "வா, சாப்பிடு, சேரமாட்டேன், நோட்டை எடு" என்று சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.